ஃபைலைப் பிடித்துவைத்த கை

அத்தியாயம் 6

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான ஆபீஸ் பகல் தூக்கம் முடிந்து விளக்குகளைப் போட்டார்கள். தைச்சுங் நகரத்துத் தொழிற்பேட்டை ஓரத்தில், ஹுங் மென்பொருள் கம்பெனியின் மூன்றாம் மாடியில், பதினோரு பேர் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். கன்னத்தில் சட்டைக்கை மடிப்பு பதிந்திருந்தது. பன்னிரண்டாவது தலை துப்பறிவாளர் ஜுவாங்குடையது. அந்தத் தலை தூங்கவில்லை. தூங்கி மூன்று நாளாகிறது.

ஜுவாங்குக்கு வயது ஐம்பத்திரண்டு. முதுகுக்கு மட்டும் எழுபது. கொலை, கொள்ளை எல்லாம் வேறு ஆட்களுக்கு. இவருக்கு வாய்த்தது கெட்டுப்போன புரோகிராம்கள். எவன் செய்த கோளாறு என்று கண்டுபிடித்துச் சொன்னால் நன்றி சொல்வார்கள், பிறகு கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோளாறு செய்தவன் பெரும்பாலும் நன்றி சொன்னவனாகவே இருப்பான். இருபது வருடமாக இதே கதை. அவருக்கு அலுத்துவிட்டது.

"அண்ணே, நெத்தியில கீபோர்டு அச்சு இருக்கு. எஃப், ஜி, எச். படிக்க முடியுது" என்றாள் யூலான்.

யூலான் அவருடைய உதவியாள். பத்து வருடம் இன்சூரன்ஸ் விற்றவள். கதவைச் சாத்தினாலும் சாவித்துவாரம் வழியாகப் பேசுவாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மனுஷர்களைப் பற்றித் தெரியும். அதனால்தான் ஜுவாங் அவளை வைத்திருந்தார். மற்றபடி அவள் வாயை யார் பொறுப்பது?

இந்த வழக்கு மேலுக்குப் பார்த்தால் சின்னது. உலோகம் கடையும் இயந்திரங்களை ஓட்டும் புரோகிராம்தான் இந்தக் கம்பெனியின் சரக்கு. எஞ்சினியர்கள் எழுதுவதையெல்லாம் சர்வர் அரை மணிக்கொரு தடவை தானாகவே கம்பைல் செய்து, ஓடக்கூடிய ஒரே ஃபைலாக்கிப் பொது ஃபோல்டரில் வைக்கும். யாருக்குப் புதுசு வேண்டுமோ அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். மார்ச் மாதத்திலிருந்து திடீர் திடீரென்று கம்பைல் பாதியில் நின்றது. 'ஃபைலில் எழுத முடியவில்லை, வேறு யாரோ உபயோகிக்கிறார்கள்' என்று ஒரு வரி வரும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அப்படியே அடம்பிடிக்கும். பிறகு யாரும் தொடாமலே சரியாகிவிடும். வாரக்கணக்கில் ஒரு குறையும் இருக்காது. மறுபடி ஒரு நாள் வந்து நிற்கும்.

மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி ஒரு தொழிற்சாலைக்காரர், புதுசு என்று நம்பிப் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே ஓர் இயந்திரத்தின் சுழல்தண்டு உடைந்தது. அதோடு சின்ன வழக்கு பெரிய வழக்காகிவிட்டது.

பழி விழுந்தது ஷென் மேல். முப்பத்தாறு வயது, அதிகம் பேசாத ஆள். சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு, போட்டிக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்து சேர்ந்தவன். அரை மணிக் கம்பைல், பொது ஃபோல்டர் எல்லாம் அவன் வந்து செய்த ஏற்பாடு. அவன் வந்தான், கோளாறும் வந்தது. வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார் முதலாளியம்மா. முதலாளி ஹுங் மனைவி கிழித்த கோட்டைத் தாண்டாதவர். ஆனாலும் இந்த ஒரு தடவை மனசு கேட்காமல், மூன்று நாள் பார்க்கலாம் என்று ஜுவாங்கைக் கூப்பிட்டிருந்தார். அந்த மூன்றாவது நாள்தான் இது, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு ஷென் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். அந்த அம்மாளோ ஐந்து மணி வரை கூடப் பொறுக்கவில்லை. காலையிலேயே இரண்டு தொழிற்சாலை முதலாளிகளுக்குப் போன் போட்டு, எங்கள் வீட்டுக்குள்ளேயே குழி பறித்தவன் இவன், வேலை கேட்டு வந்தால் ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டார். தைச்சுங்கில் இயந்திரத் தொழில்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, இல்லாவிட்டால் சகலை. திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். வேலை போனால் வேறு வேலை தேடலாம். பேர் போனால் எங்கே போய்த் தேடுவது?

இதெல்லாம் ஷென்னுக்குத் தெரியும். அவன் மேசையில் அட்டைப்பெட்டி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவன் திரையில் சிவப்பு வரி வந்தது. ஷென் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மற்றவர்கள் பார்க்க வசதியாக ஒதுங்கிக்கொண்டான். நாலு மாதமாகக் குற்றவாளிப் பட்டம் சுமந்தவனுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஜுவாங் குனிந்து பார்த்தார். அதே வரிதான், ஓர் எழுத்து மாறவில்லை.

"இதுக்கு என்னண்ணே அர்த்தம்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"ஒருத்தன் உக்காந்திருக்கிற நாற்காலிக்குப் பெயின்ட் அடிக்க முடியுமா? பழைய ஃபைல் மேல புதுசை எழுதணும். யாரோ பழசைத் திறந்து ஓட விட்டுட்டு எந்திரிக்க மாட்டேங்கறான்."

"அப்ப யார் உக்காந்திருக்கான்னு பாத்தாப் போச்சு."

"அது சர்வர்ல தெரியும். சர்வர் பாஸ்வேர்டு முதலாளியம்மா கைப்பையில இருக்கு."

யூலான் எழுந்து போய், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். முதலாளியம்மா கீழே இருக்கிறாராம், இப்போது கூப்பிடக் கூடாதாம், நாலு மணிக்கு மேல்தான் வருவாராம். மாடிப்படியிலேயே முதலாளி வழிமறித்துச் சொல்லி அனுப்பிவிட்டார். நேற்றும் இதே கதைதான். இரண்டேகாலுக்குக் கோளாறு வந்தது, அம்மா கிடைக்கவில்லை. நாலு மணிக்கு மேல் வந்து பாஸ்வேர்டு போட்டுத் திறந்தபோது யார் திறந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்தது. அந்த அம்மாள் ஷென்னைப் பார்த்த பார்வையில் சோறு வெந்திருக்கும்.

எப்போதுமே அப்படித்தானா என்று ஷென்னிடம் கேட்டார் ஜுவாங். அவன் யோசித்துவிட்டு, எப்போதுமே அப்படித்தான் என்றான். பாஸ்வேர்டு தனக்குக் கொடுத்தால் உடனே பார்த்துவிடலாம் என்று ஏப்ரல் மாதம் ஒரு தடவை கேட்டானாம். அன்றைக்குத்தான் முதலாளியம்மாவுக்கு அவன் மேல் சந்தேகமே கெட்டிப்பட்டதாம்.

வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தாயிற்று. காப்புப்பிரதி எடுக்கும் நேரத்தை மாற்றியாயிற்று. பதினோரு பேரின் கம்ப்யூட்டர்களையும் ஜுவாங் ஒவ்வொன்றாக நோண்டிவிட்டார். ஒழுங்காக ஓடட்டும் என்று ராசிக்காகச் சர்வர் மேல் வைத்திருந்த பச்சைப் பொட்டலச் சோளத் தின்பண்டத்தின் காலாவதித் தேதியைக்கூட யூலான் பார்த்துவிட்டாள். அடுத்த மாதம் வரை செல்லுமாம், அந்தப் பக்கம் குற்றமில்லையாம்.

"உங்க நோட்டைக் கொடுங்க" என்றார் ஜுவாங் அலுப்போடு.

கோளாறு வரும் ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, என்னென்ன செய்து பார்த்தேன் என்று ஷென் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தான். அச்சடித்த மாதிரி கையெழுத்து. இந்த நோட்டை நேற்று இரண்டு தடவை படித்தாயிற்று. மார்ச் 11, மார்ச் 25. ஏப்ரல் 10, ஏப்ரல் 24. மே 9, மே 23. ஜூன் 6, ஜூன் 7, நேற்று ஜூன் 20. மாத முதலா, இல்லை. மாதக் கடைசியா, இல்லை. சம்பள நாளா, அதுவும் இல்லை. ஜுவாங் கண்ணைக் கசக்கிக்கொண்டார். எண்கள் நண்டுக்குஞ்சுகள் மாதிரி ஓடின. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், மூன்று நாள் கூலி வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போது அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அந்த நினைப்பைத் துரத்திவிட்டு மறுபடி நோட்டைப் பார்த்தார்.

யூலான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் எண்களைப் பார்க்கவில்லை. தாளை விரலால் தடவினாள், அப்புறம் மோந்து பார்த்தாள்.

"ஷென் தம்பி, நோட்டுல எழுதுறப்ப என்ன சாப்பிடுவீங்க?"

ஷென்னுக்குக் கேள்வி புரியவில்லை. ஒன்பது பக்கத்திலும் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருப்பதை அவள் காட்டினாள். இரண்டு பக்கங்களின் மடிப்பில் அரிசி பிஸ்கட் தூள்கூட இருந்தது. இடையிடையே கோளாறே இல்லாத நாட்களில் வேறு வேலையாக எழுதிய பக்கங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒரு பொட்டுக் கறை கிடையாது.

"கோளாறு வந்த நாள் எல்லாம் பிஸ்கட் நாள் அண்ணே. ஒண்ணு, ஷென் தம்பி கவலை வந்தாத் தின்பாரு. இல்ல, அன்னைக்கு மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுக்கறாங்க."

ஷென் மெதுவாகச் சொன்னான். நாலு மணிவாக்கில் கீழேயிருந்து ஒரு தட்டு வரும், பிஸ்கட்டும் டப்பா குளிர்பானமும். எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். கீழே சாமி கும்பிட்ட நாட்களில் வருவது அது. அவன் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு நோட்டு எழுதுவான். என்றைக்கு வருகிறது என்று அவன் கவனித்ததில்லை. வந்தால் சாப்பிடுவான்.

ஜுவாங் எழுந்து, காபி வைக்கும் மேசைக்கு மேலே மாட்டியிருந்த நாட்காட்டியிடம் போனார். தினம் ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டி. மேலே பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, கீழே பொடி எழுத்தில் நிலாக் கணக்குத் தேதி. பெரிசை எல்லாரும் பார்ப்பார்கள். பொடியைப் பார்க்க அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

இன்றைக்கு ஜூன் 21. பொடி எழுத்தில், ஐந்தாம் மாதம் பதினாறு.

தன் போனில் பழைய தேதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். மார்ச் 11, இரண்டாம் மாதம் இரண்டு. மார்ச் 25, அதே மாதம் பதினாறு. ஏப்ரலில் இரண்டு, பதினாறு. மே மாதத்திலும் இரண்டு, பதினாறு. வியாபாரம் செய்கிறவன் எவனும் மறக்காத நாட்கள், கடைவாசலில் மேசை போட்டு மண்ணுக்குக் காவலான தூதிகோங் சாமியைக் கும்பிடும் நாட்கள். ஆங்கிலக் கணக்கில் முன்னும் பின்னுமாக நெளிந்த எண்களெல்லாம் நிலாக் கணக்கில் ஒரே கோட்டில் வந்து நின்றன.

அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. இந்த ஊரில் பிறந்து, ஐம்பது வருடம் அந்த பிஸ்கட்டைத் தின்று வளர்ந்தவர் அவர். அது தெரியாமல் மூன்று நாள் வைரஸ் தடுப்பை நோண்டிக்கொண்டிருந்தார்.

"ஜூன் ஆறும் இருபதும் ஒதைக்குதேண்ணே. நிலாக் கணக்குல அது ஒண்ணாந் தேதியும் பதினஞ்சும். அன்னைக்கு வீட்டுலதானே கும்பிடுவாங்க, கடையில இல்லியே."

"போன மாசம் சுழல்தண்டு உடைஞ்சதில்ல. அதுக்கப்புறம் யாரோ பயந்து, கூடுதலா ரெண்டு நாள் கும்பிட ஆரம்பிச்சிருக்காங்க."

"அப்ப சாமிதான் ஃபைலைத் திறக்கறாரா? அவருக்கு பாஸ்வேர்டு யார் கொடுத்தா?"

ஜுவாங் ஷென்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். கீழே வரவேற்பறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது? வாடிக்கையாளர் வந்தால் புரோகிராமை ஓட்டிக் காட்டத்தான் அது என்றான் ஷென். பொது ஃபோல்டரில் இருக்கும் புதிய பிரதியை நேராகத் திறக்கிற மாதிரி, சேர்ந்த முதல் வாரமே ஓர் ஐகான் படம் செய்து திரையில் வைத்துக் கொடுத்தானாம். முதலாளியம்மா கேட்டார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். 

மூன்று பேரும் படியிறங்கினார்கள். லிஃப்ட் மெதுவாக வரும். ஜுவாங்கின் முதுகு ஒவ்வொரு படிக்கும் கணக்குக் கேட்டது.

வரவேற்பறை வாசலில் சிவப்புத் துணி விரித்த மேசை. அன்னாசி, ஆப்பிள், பிஸ்கட் பாக்கெட்டுகள், வரிசையாகக் குளிர்பான டப்பாக்கள், மூன்று சின்னக் கிண்ணங்களில் தேநீர். ஊதுபத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது. முதலாளியம்மா கைகூப்பி நின்றிருந்தார். வரவேற்பு மேசையின் கம்ப்யூட்டர் திரையை முழுசாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். உட்காருகிற ஆளுக்கு அதில் ஒன்றும் தெரியாது. சுவரில் சாமி மாடம் இருந்தது. தூதிகோங் சாமி தாடியோடு சிரித்துக்கொண்டு, தமக்கு எதிரே பச்சையும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யூலான் வாயைத் திறந்தாள். பிறகு, அவள் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

பத்தி எரிந்து முடியட்டும் என்று ஜுவாங் காத்திருந்தார். அவருக்கும் சாமி பயம் உண்டு. முடிந்ததும், அம்மாளின் அனுமதியோடு திரையில் ஓடிய புரோகிராமை மூடினார். மேலே போன் போட்டு, கம்பைல் செய்யச் சொன்னார். சரியாக வந்தது என்றார்கள். மறுபடி திறந்தார், மறுபடி செய்யச் சொன்னார். சிவப்பு வரி. மூடினார், சரி. திறந்தார், சிவப்பு. நாலாவது தடவை முதலாளி ஹுங் உள்ளேயிருந்து வந்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே போகப் பார்த்தார். யூலான் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

முதலாளியம்மா பேசியபோது குரல் இறங்கியிருந்தது. அரிசிக் கடைக்காரன் சாமி முன்னால் அரிசியை வைக்கிறான், துணிக்கடைக்காரன் துணியை வைக்கிறான். தங்கள் சரக்கு கண்ணுக்குத் தெரியாதது. முன்பெல்லாம் குறுந்தகட்டில் பதிந்து தட்டில் வைப்பார். ஷென் வந்து அந்தப் படத்தைச் செய்து கொடுத்ததும், இனிமேல் ஓட விட்டே காட்டலாம் என்று சந்தோஷமாக இருந்ததாம். புதுசுக்கெல்லாம் புதுசு சாமி பார்வையில் படட்டும் என்று நினைத்தாராம். கோளாறு அதிகமாக ஆக, கும்பிடும் நாளையும் அதிகமாக்கினார்.

"கெட்டது போகணும்னுதானே கும்பிட்டேன்" என்றார்.

"தெரியும்மா."

"சாமிகிட்டயும் கேட்டேனே. குறி கேக்கிற மரக்கட்டையப் போட்டுக் கேட்டேன். இந்தக் கோளாறுக்குக் காரணம் உள்ளேயே இருக்கிற ஆளான்னு. மூணு தடவையும் ஆமான்னு வந்துச்சு."

ஜுவாங் நாற்காலியில் உட்கார்ந்தார். நின்று பேச அவரால் முடியவில்லை.

"சாமி பொய் சொல்லலம்மா. உள்ளேயே இருக்கிற ஆள்தான்."

அந்த வார்த்தை போய் இறங்கச் சற்று நேரமாயிற்று. இறங்கியதும் அம்மாள் மாடத்தைப் பார்த்தார். பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் எடுத்து, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துத் தரையில் போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தன. சாமி சிரிக்கிறார், ஆமாவும் சொல்லவில்லை இல்லையும் சொல்லவில்லை என்று அதற்கு அர்த்தம். எடுத்து மறுபடி போட்டார். மறுபடியும் சிரித்தார். ஷென் இருக்கலாமா, போக வேண்டுமா என்று கேட்டிருப்பார் என்று ஜுவாங்குக்குத் தோன்றியது. மூன்றாம் தடவை அவர் குனிந்தபோது ஜுவாங் கையை நீட்டிக் கட்டைகளை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"நாலு மாசமா சாமிகிட்ட கேட்டீங்க. இந்தா நிக்கிறாரே, இவர்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா?"

முதலாளியம்மா திரும்பினார். ஷென் வாசல் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. நாலு மாதத் தூக்கம் பாக்கி இருந்தது. அம்மாள் அவன் எதிரே போய் நின்றார். கையில் ஊதுபத்திச் சாம்பல் ஒட்டியிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள், இங்கேயே இருப்பாயா என்று கேட்டார். சம்பளம் கூட்டித் தருவதாகவும், அட்டைப்பெட்டியைத் தானே தூக்கிப் போட்டுவிடுவதாகவும் சொன்னார்.  ஹுங் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

கடைசியில் ஷென் சொன்னான். "சாமிக்குத் தனியா ஒரு பிரதி எடுத்து வெச்சுடறேன். அவர் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கட்டும். அது அஞ்சு நிமிஷ வேலை." கொஞ்சம் நிறுத்தினான். "நான் இருக்கறதா போறதான்னு அப்புறம் பேசலாம். காலையில யார் யாருக்குப் போன் போட்டீங்களோ, அவங்களுக்கு இப்ப போடுங்க. என் முன்னாடி."

முதலாளியம்மா புருஷனைப் பார்த்தார். புருஷன் தரையைப் பார்த்தார். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மேலே இருந்தவர்கள் தட்டு இன்னும் வரவில்லையே என்று ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் பாதிப் படியில் நின்றுவிட்டார்கள்.

அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்தார்கள். லியாவ் அண்ணனா என்று கேட்டு, காலையில் ஒரு பையனைப் பற்றிச் சொன்னேனே என்று தொடங்கி, தணிந்த குரலில் ஒரு வாக்கியம் சொல்லி முடித்தார்.

லியாவ் தொழிற்சாலைக்குள் நின்றிருப்பார் போல. பன்னிரண்டு இயந்திரங்கள் ஓடும் இரைச்சல் போனுக்கு வெளியே கேட்டது. என்ன, என்ன, ஒன்றும் விளங்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று அவர் அங்கிருந்து கத்தினார்.

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பையன் இல்லண்ணே" என்றார், படிக்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி. "தப்பு பண்ணது நான். நான்தான்னு சொல்றேன்."